பனிமலையில் கொதிக்கும் இரும்புப் பானை



ஓர் இடத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தரையெல்லாம் பனி. கூரை இல்லை, சுவர் இல்லை, எரிவாயு அடுப்பும் இல்லை. காற்றின் வெப்பநிலை −5 டிகிரி செல்சியஸ். தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே. இந்த இடத்தில் பீன்ஸ் குழம்பு வைக்க முடியுமா? ரொட்டி சுட முடியுமா?

முடியும். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் யூட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள வசாட்ச் மலைத்தொடரில், ஆல்ட்டா என்ற ஊரில் ஒரு குளிர்காலத்தில் 10 மீட்டருக்கும் அதிகமாகப் பனி பொழியும். அந்த மாநிலத்து மக்களுக்கு வெட்டவெளியில் மூன்று கால் இரும்புப் பானையை வைத்துச் சமைப்பதென்றால் கொள்ளை ஆசை. மாநில மலர், மாநிலப் பறவை என்று அறிவிப்பார்கள் அல்லவா? யூட்டாவில் 1997இல் இந்தப் பானையை 'மாநிலச் சமையல் பாத்திரம்' என்றே சட்டப்படி அறிவித்துவிட்டார்கள். பானையின் பெயர் டச்சு ஓவன்.

இவ்வளவு குளிரில் சமைக்க நெருப்பை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டியதில்லை. பானையைவிட்டு வெப்பம் எந்தெந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தால், கோடையில் எரிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான கரியே போதும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

மூன்று கால், விளிம்பு வைத்த மூடி

முதலில் பானையைப் பார்ப்போம். இது வார்ப்பிரும்பில் செய்தது. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிப் பாத்திரம் வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707இல் காப்புரிமை பெற்றார். மணல் அச்சில் வார்த்ததால் மெல்லிய, விலை குறைந்த இரும்புப் பானைகள் கிடைத்தன. பின்பு அவை கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போயின. 1847இல் மாட்டு வண்டிகளில் யூட்டாவுக்குக் குடியேறிய மார்மன் சமயத்தவர்களும் இத்தகைய பானைகளைக் கொண்டுவந்தார்கள்.

வெளியில் சமைக்கும் டச்சு ஓவனுக்கு மூன்று குட்டைக் கால்கள் உண்டு. கால்கள் எதற்கு? பானைக்கு அடியில் கரித்தணலைப் பரப்ப இடம் வேண்டும். தணல் அணையாமல் எரியக் காற்றும் உள்ளே போக வேண்டும். மூடி கனமானது, ஏறக்குறையத் தட்டையானது. அதைச் சுற்றி உயர்ந்த விளிம்பு இருக்கும். அந்த மூடியின் மேலும் தணலை வைப்பார்கள்! தணல் உருண்டு விழாமலும், மூடியைத் திறக்கும்போது சாம்பல் உணவில் கொட்டாமலும் விளிம்பு காக்கிறது.

மூடிமேல் தணல் என்றதும் உங்களில் சிலருக்குத் தம் பிரியாணி நினைவுக்கு வந்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிரியாணியைத் தம் போடும்போது மூடியின் மேல் கங்குகளைப் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். கீழே இருந்து மட்டும் சூடேற்றினால் அடி பிடிக்கும். மேலேயும் சூடேற்றினால் நடுவில் உள்ள உணவு இரு பக்கமும் சமமாக வேகும்.

9 கிலோ இரும்பு என்ன செய்கிறது?

12 அங்குல, அதாவது 30 சென்டிமீட்டர் அகலமுள்ள டச்சு ஓவன் ஒன்று, மூடியோடு சேர்த்து ஏறத்தாழ 9 கிலோ எடை இருக்கும். ஏன் இவ்வளவு கனம்?

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ வார்ப்பிரும்புக்கு 0.46 கிலோஜூல் போதும். இதைத்தான் பாடநூலில் 'தன்வெப்ப ஏற்புத்திறன்' என்கிறார்கள். இப்போது 9ஐ 0.46 ஆல் பெருக்குங்கள். 4.14 வருகிறது. ஆக, 9 கிலோ பானை சேமிக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் சேமிக்கும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரும்பு வெப்பத்தை வேகமாகப் பரப்பாது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட நான்கு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். செம்பு ஏழெட்டு மடங்கு நன்றாகக் கடத்தும். இரும்புப் பானையில் ஒரு பக்கம் மட்டும் தணல் குவிந்தால் அந்தப் பக்கம் கருகும், மறுபக்கம் வேகாமல் நிற்கும். அதனால் அனுபவமுள்ள சமையல்காரர்கள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பானையை ஒரு பக்கமாகக் கால் வட்டமும், மூடியை எதிர்ப்பக்கமாகக் கால் வட்டமும் திருப்பி வைப்பார்கள். எந்த இடத்துக்கும் ஒரே கங்கு நெடுநேரம் நேராக நிற்காது.

கரியை எண்ணிச் சமைப்பது

யூட்டாவில் சமைப்பவர்கள் பெரும்பாலும் விறகு எரிப்பதில்லை. கரித்தூளை அழுத்திச் செய்த, ஒரே அளவுள்ள கரிக்கட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் ஒரே அளவு என்பதால் எண்ணி வைக்கலாம். எண்ணத் தெரிந்தால் வெப்பநிலையையும் கட்டுப்படுத்தலாம்.

அவர்களுடைய கணக்கு எளிது. பானையின் அகலம் எத்தனை அங்குலமோ, அதைப்போல் இரண்டு மடங்கு கரிக்கட்டிகள். 12 அங்குலப் பானைக்கு 24. அப்படி வைத்தால் பானைக்குள் வெப்பநிலை 165 முதல் 175 டிகிரி வரை இருக்கும். கேக், ரொட்டி சுடுவதற்குப் பொருத்தமான சூடு அது.

சுடும்போது 24 கட்டிகளில் 16ஐ மூடிமேலும், 8ஐ அடியிலும் வைக்கிறார்கள். மேலே ஏன் இரண்டு மடங்கு? அடியில் உள்ள வெப்பம் இரும்பின் வழியாக நேரடியாக மாவைத் தொடுகிறது. இது வெப்பக்கடத்தல். அதற்குக் கொஞ்சம் தணலே போதும், கூடினால் கருகிவிடும். மூடிமேல் வைத்த தணலின் கதை வேறு. சூடான காற்று மேலே எழும்பும் என்பதால் அந்தத் தணலின் வெப்பத்தில் பெரும்பகுதி வானத்தை நோக்கிப் போய்விடும். மிச்சம் இருப்பது மூடியைச் சூடாக்கி, மூடியின் உட்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக உணவின் மேல் இறங்கும். இது வெப்பக்கதிர்வீச்சு. உணவின் மேற்பரப்பு பொன்னிறமாவது இந்தக் கதிர்களால்தான்.

குளிருக்கு எத்தனை கரி கூட்ட வேண்டும்?

சூடான பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பதைப் பற்றி ஐசக் நியூட்டன் 1701இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் நியூட்டனின் குளிர்வு விதி. ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அந்தப் பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்கிறது அந்த விதி. வேறுபாடு கூடினால் இழப்பும் அதே விகிதத்தில் கூடும்.

பென்சிலை எடுங்கள். பானை 175 டிகிரியில் இருக்கிறது. கோடையில் காற்று 25 டிகிரி. வேறுபாடு 175 − 25 = 150.

குளிர்காலத்தில் காற்று −5 டிகிரி. வேறுபாடு 175 + 5 = 180.

180ஐ 150ஆல் வகுத்தால் 1.2. கோடையைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல்! 24 கரிக்கட்டிகளை 1.2ஆல் பெருக்கினால் 28.8. அதாவது 29. கோடையில் வைத்ததற்கு மேல் ஐந்து கட்டிகள் வைத்தால் சரியாகிவிடும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் எவ்வளவு பெரிய உண்மையைக் காட்டுகிறது பாருங்கள். நமக்கு 25 டிகிரிக்கும் −5 டிகிரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 175 டிகிரியில் இருக்கும் பானைக்கோ இரண்டுமே குளிர்தான். ஒன்று கொஞ்சம் அதிகக் குளிர், அவ்வளவே.

அப்படியானால் குளிர்காலத்தில் சோறு வேகாமல் போவதற்குக் காரணம் என்ன? காற்று, ஈரம், திறந்த மூடி. இந்த மூன்றும்தான்.

முதல் வழி: காற்று

சூடான பானையைச் சுற்றி ஒட்டினாற்போல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். பானையால் சூடேறிய இந்தப் படலம் பானைக்குப் போர்வையாகிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் பலத்த காற்று வீசினால் படலம் கலைந்து, அந்த இடத்துக்குப் புதிய குளிர்காற்று வருகிறது. அது சூடாவதற்குள் அதுவும் அடித்துச் செல்லப்படுகிறது. இப்படி இடைவிடாமல் வெப்பம் பறிபோகும். வெப்பமானி அதே −5 டிகிரியைக் காட்டினாலும் பானை இழக்கும் வெப்பம் பல மடங்கு கூடிவிடும்.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. தணலுக்கு அதிக ஆக்சிஜனை ஊட்டி அதை வேகமாக எரிய வைக்கிறது. காற்று வரும் பக்கத்துக் கங்குகள் தகதகவென்று எரிந்து சீக்கிரமே சாம்பலாகிவிடும். ஒரு மணி நேரம் வரவேண்டிய கரி பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். சமையல் ஒரு பக்கம் கருகி, இன்னொரு பக்கம் பச்சையாக நிற்கும்.

இந்த வழியை அடைப்பது எளிது. காற்று வரும் திசையில் தகரத் தடுப்பு ஒன்றை நிறுத்தினால் போதும். நான்கு பக்கமும் இறுக்கி மூடிவிடக் கூடாது. தணலும் மூச்சுவிட வேண்டும்.

இரண்டாம் வழி: காலடியில் பனி

பனியின் மேலேயே தணலைக் கொட்டிப் பானையை வைத்தால் என்ன ஆகும்?

0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரித் தண்ணீராக மாற்ற 334 கிலோஜூல் வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறவில்லை, ஆனால் இவ்வளவு ஆற்றல் செலவாகிவிட்டது! இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம். நம் 9 கிலோ பானையை 1 டிகிரி சூடாக்க 4.14 கிலோஜூல் போதும் என்று பார்த்தோம். 334ஐ 4.14ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 80. ஒரே ஒரு கிலோ பனியை உருக்கப் போன வெப்பம், காலியான பானையை 80 டிகிரி சூடாக்கியிருக்கும்!

அதோடு முடியவில்லை. உருகிய தண்ணீர் தணலைத் தொட்டு ஆவியாகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். அது பனி உருக வேண்டியதைப் போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. கங்குகள் சுர்ரென்று அணைந்து, பள்ளத்தில் அமிழ்ந்துவிடும்.

ஆகவே பனியை விலக்கிக் காய்ந்த தரையில் சமைக்க வேண்டும். அதைவிட நல்லது, கால் வைத்த இரும்பு மேசை. மேசைக்கும் பனிக்கும் நடுவில் காற்று இருப்பதால் வெப்பம் கீழே இறங்காது. ஆற்றோரக் கற்களை மட்டும் அடுக்கக் கூடாது. அவற்றின் விரிசல்களுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி விரியும்போது கல் வெடித்துச் சிதறலாம்.

மூன்றாம் வழி: திறந்த மூடி

"வெந்துவிட்டதா?" என்று அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு முறையும் நீராவி வெளியேறுகிறது. 100 கிராம் தண்ணீர் ஆவியாக வெளியே போனால் அதோடு 226 கிலோஜூல் வெப்பமும் போய்விடும். நம் பானைக் கணக்கில் அது 55 டிகிரிக்குச் சமம்.

மூடி மூடியிருந்தால் நீராவி உள்ளேயே சுற்றுகிறது. தணல் இல்லாத விளிம்புகளில் பட்டு மறுபடி நீராகிறது. நீராகும்போது தான் கொண்டுவந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகக் குழம்பில் விழுகிறது. தண்ணீரும் வீணாவதில்லை, வெப்பமும் வீணாவதில்லை. கனமான மூடி விளிம்போடு நன்றாகப் பொருந்த வேண்டியது இதற்காகத்தான். உள்ளே வேகிறதா என்பதை வெளியில் வரும் மணத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

கரி கூட்டினாலும் தீராத ஒன்று

மலை உயரத்தால் வரும் சிக்கல் மட்டும் தணலுக்குக் கட்டுப்படாது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். ஆல்ட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊட்டியிலும் 93 டிகிரி வாக்கில் கொதிக்கும். எவ்வளவு கரி போட்டாலும் கொதிக்கும் குழம்பின் சூடு அதற்கு மேல் ஏறாது. வேகமாக வற்றத்தான் செய்யும். டச்சு ஓவனின் மூடி பிரஷர் குக்கர் மூடியைப்போல் இறுக்கமாக அடைக்காது. அதனால் மலையில் பீன்ஸ் வேகக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

பானைக்கும் நிதானம் வேண்டும்

வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் வளையாது. அதற்குள் கார்பன் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் படிந்திருக்கிறது. பிய்த்து இழுக்கும் விசை வந்தால் அந்தத் தகடுகளின் ஓரங்களில் விரிசல் தொடங்கும். −5 டிகிரியிலிருந்து 175 டிகிரிக்குச் சூடாகும்போது 30 சென்டிமீட்டர் பானை அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விரிகிறது. முழுப் பானையும் சேர்ந்து விரிந்தால் ஆபத்தில்லை. அடிப்பகுதி மட்டும் சட்டென்று விரிந்து மேற்பகுதி குளிர்ந்தே இருந்தால் பானை பிளந்துவிடலாம். அதனால் குளிர்ந்த பானையைச் சில கங்குகள் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்குவார்கள். கொதிக்கும் பானையில் பனிநீரை ஊற்றவே மாட்டார்கள்.

துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவிச் சூடேற்றுவார்கள். எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கறுப்புப் படலமாகிவிடும். உங்கள் வீட்டில் பாட்டியோ அம்மாவோ தோசைக்கல்லைப் பழக்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான்.

மண்ணுக்குள் ஓர் இரவு

எல்லா வழிகளையும் அடைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெயின் மாநிலத்தில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே மரம் வெட்டும் தொழிலாளர்கள் கடுங்குளிர்காலம் முழுக்கக் காட்டிலேயே தங்கினார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்கள் தரையில் குழி வெட்டி, கட்டைகளை எரித்துத் தணலாக்கி, பீன்ஸ் நிறைந்த இரும்புப் பானையை அதில் இறக்கினார்கள். மூடிமேலும் தணலைப் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள்.

பிறகு இரவெல்லாம் யாரும் கரி போட வேண்டியதில்லை. காற்று அங்கே நுழையாது. காய்ந்த மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மூடியைத் திறக்கவும் வழியில்லை. வெளியே குளிர் எவ்வளவு இருந்தாலும் விடிந்ததும் தோண்டி எடுத்தால் பீன்ஸ் மெத்தென்று வெந்திருக்கும். நெருப்பைப் பெருக்கியா குளிரை வென்றார்கள்? இல்லை, இருந்த வெப்பத்தைப் போகவிடாமல் காத்தே வென்றார்கள்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

குளிரில் சமைத்து முடித்ததும், மிச்சத் தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கதகதப்பாக இருக்குமே என்று தோன்றலாம். கூடவே கூடாது! கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர்கள் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். ஊட்டி, கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரி மூட்டியவர்கள் உயிரிழந்த செய்திகளும் வந்திருக்கின்றன. கரித்தணல் எப்போதும் வெட்டவெளியில்தான் இருக்க வேண்டும். இதை வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. 175 டிகிரியில் இருக்கும் இரும்பும் குளிர்ந்த இரும்பும் பார்க்க ஒரே கறுப்புத்தான். கண்ணை நம்பித் தொடக் கூடாது.

செய்து பாருங்கள்

நெருப்பு இல்லாமல் இந்த அறிவியலை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள நான்கு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரை ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சுடுதண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

1. முதல் டம்ளரை மூடாமல் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.
2. இரண்டாவதைத் தட்டால் மூடி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.
3. மூன்றாவதை மூடி, காற்றுப் படாதபடி அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.
4. நான்காவதை மூடி, பனிக்கட்டி நிரப்பிய கிண்ணத்தில், அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.

எது முதலில் ஆறும், எது கடைசியில் ஆறும் என்று தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். 20 நிமிடம் கழித்து, சமையலறை வெப்பமானியால் நான்கையும் அளந்து எழுதுங்கள். ஒன்றையும் இரண்டையும் ஒப்பிட்டால் மூடியின் பலன் தெரியும். இரண்டையும் மூன்றையும் ஒப்பிட்டால் காற்றுத் தடுப்பின் பலன் தெரியும். மூன்றையும் நான்கையும் ஒப்பிட்டால் பனி குடிக்கும் வெப்பம் எவ்வளவு என்பது தெரியும். உங்கள் கணிப்பும் அளவும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே 'ஏன்?' என்று எழுதி, வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்.